பத்து அச்சு, முப்பது தாள், ஒரு கொக்கு

கொக்கின் அலகு ஒடிந்தது ஜனவரி மூன்றாம் ஞாயிறு, இரவு 11:30 மணிக்கு. மர அச்சுப் படத்துக்காக ஒன்பது இரவுகள் உட்கார்ந்து செதுக்கிய பலகை. அலகின் நுனி அரை அரிசி நீளம்கூட இராது. கத்தி முனையோடு எழும்பி எங்கேயோ தெறித்துவிட்டது. கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் தரையில் தவழ்ந்தேன். மூன்று மாதமாகக் காணாமல்போன ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது. அலகு கிடைக்கவில்லை.

நான் குடியிருப்பது டோக்கியோவின் கிழக்கு ஓரம், நிஷி-கசாய். நம் நாட்டுக்காரர்கள் நிறைய இருக்கும் பகுதி. தெற்கே சைக்கிளை மிதித்தால் டோக்கியோ வளைகுடா வந்துவிடும். கரையில் கசாய் ரின்காய் பூங்கா; அதில் ஒரு பங்கைப் பறவைகளுக்கென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். நவம்பரில் ஒரு விடியற்காலை, காய்ந்த நாணலுக்கு நடுவே ஒரு சின்னக் கொக்கு நின்றிருந்தது. கறுப்பு அலகு, கறுப்புக் கால். இந்த இனத்துக்குப் பாதம் மட்டும் மஞ்சளாக இருக்கும். பாதம் தண்ணீருக்குள் இருந்ததால் எனக்கு ஒரு நிறம் மிச்சம். பின்னால் மரங்களின் வரிசை, அடிப்பாகம் பனியில் கரைந்து கிடந்தது. இதைத்தான் அச்சிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆசை வந்த கதை வேறு. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1856 முதல் 1858 வரை வெளியிட்ட ‘எதோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ (எதோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்) என்ற மர அச்சு வரிசையில் ஃபுகாகாவா சதுப்பு நிலத்தைக் காட்டும் படம் ஒன்று உண்டு. மேலே படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கழுகு கீழே பாய்கிறது. அடியில் பனி மூடிய சதுப்பு, மிதக்கும் ஒரு மரத்தொட்டி, தொலைவில் த்ஸுகுபா மலை. ஒரு கண்காட்சியில் அதன் முன் வெகுநேரம் நின்றேன். அந்த இடம் எங்கள் பக்கத்து வட்டமான கோதோவில் இருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது. நான் தினம் ரயிலில் கடக்கும் வட்டம் அது. இன்று அங்கே அடுக்குமாடிகள்.

ஆனால் ஹிரோஷிகே உளி பிடித்தவர் அல்லர். வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், மூவருக்கும் பணம் போட்டு விற்பவர் ஒருவர் என்று நான்கு பேர் கூடி இழுத்த தேர் அது. வரைந்தவனே செதுக்கி அவனே அச்சிட வேண்டும் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டில் வந்தது. ஓவியர் யமமோதோ கனாயே 1904இல் செய்த மீனவர் படத்திலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்குவார்கள். நான் செய்வதும் அந்த வழிதான், கொள்கையால் அல்ல, ஆள் இல்லாததால்.

எனக்குச் சொல்லித் தருபவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். தொழிலாகவே அச்சிட்டு ஓய்வுபெற்றவர். வாரம் ஒரு மாலை வகுப்பு. எல்லோரையும் போல நானும் அவரைச் சென்செய் என்றே அழைக்கிறேன். பாராட்ட மாட்டார். திட்டவும் மாட்டார். பிழையான இடத்தில் சுண்டுவிரலை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

பலகைக்கு வருகிறேன். பழைய முறைப்படி மலைச் செர்ரி மரம்தான் வேண்டும். நெருக்கமான நார், மயிரிழைக் கோட்டையும் தாங்கும், எத்தனை தாள் அச்சிட்டாலும் எளிதில் தேயாது. அதன் விலையும் எனக்கு எட்டவில்லை, அதற்குத் தேவையான கத்திக் கூர்மையும் எட்டவில்லை. ஆகவே ஷினா என்ற மரத்தின் ப்ளைவுட், 9 மி.மீ. கனம், மூன்று பலகைகள், இரண்டு பக்கமும் செதுக்கலாம். மென்மையானது, கத்திக்கு இணங்கிப் போகும். இணங்கிப் போவதுதான் ஆபத்து என்பது கொக்கின் அலகில் தெரிந்தது.

ஆறு பக்கங்களுக்கு இப்படித் திட்டம் போட்டேன். ஒன்றில் கோட்டுப் பலகை: கொக்கின் உருவக்கோடு, கால், அலகு, முன்னால் நிற்கும் நாணல். இரண்டாவதில் வானமும் தண்ணீரும் சேர்ந்த பின்னணி. நடுவில் கொக்கின் வடிவத்துக்கு மட்டும் பள்ளம். மூன்றாவதில் மரவரிசை. நான்காவதில் பின் நாணல். ஐந்தாவதில் முன் நாணலின் நிறமும், அதற்கு நான்கு விரல் தள்ளிக் கொக்கின் இறக்கை நிழலும். இரண்டும் எட்ட இருப்பதால் இரண்டு மையை வைத்து ஒரே அழுத்தில் எடுத்துவிடலாம். ஆறாவது, மையே இல்லாத பலகை. அதைப் பிறகு சொல்கிறேன். கவனியுங்கள், கொக்குக்கு வெள்ளை மை கிடையாது. தாளின் வெள்ளைதான் கொக்கு. பின்னணிப் பலகையில் உள்ள பள்ளமும் கோட்டுப் பலகையில் உள்ள உருவக்கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் கொக்கு பிழைக்கும். ஒரு மி.மீ. நகர்ந்தாலும் முதுகில் நீலம் ஏறும், வயிற்றுக்குக் கீழே வெள்ளைப் பிளவு விழும்.

வரைந்த மெல்லிய தாளைப் பலகையில் கவிழ்த்து ஒட்டுவது முதல் படி. அரிசிப் பசையைப் பலகையில் உள்ளங்கையால் தடவி, தாளைக் குப்புறப் போட்டு, காற்றுக் குமிழ் இல்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததும் விரல் நுனியை ஈரமாக்கித் தாளின் முதுகை உருட்டி உருட்டி உரிக்கிறோம். வெயிலில் தோல் உரிவது போலச் சுருள் சுருளாக வரும். கோடு படிந்த அடி ஏடு மட்டும் மிஞ்சும்போது நிறுத்திவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் தேய்த்தால், கோடு பலகைக்குள்ளிருந்தே கிளம்பியது போலத் தெளிவாகத் தெரியும். கவிழ்த்து ஒட்டியதால் படம் இடம் வலம் மாறியிருக்கும், அச்சில் நேராகிவிடும். மூலையில் என் பெயரின் முதல் எழுத்தை முத்திரையாகச் செதுக்க நினைத்தேன். அதை மட்டும் சோம்பலில் பலகையிலேயே நேராக எழுதிச் செதுக்கிவிட்டேன். எழுத்து ‘ப’ என்பதால் தப்பித்தேன். ‘க’ என்று தொடங்கும் பெயர் வைத்திருந்தால் அன்றைக்கு மானம் போயிருக்கும்.

கத்தியைப் பேனா போல் பிடிப்பதில்லை. முஷ்டிக்குள் குத்துவாள் போலப் பிடித்து, இடது நடுவிரலைக் கத்தி அலகின் பக்கத்தில் அணைத்து, தன் பக்கமாக இழுக்க வேண்டும். கோட்டின் ஓரத்தில் முதல் வெட்டு. அப்போது கத்தி நிமிர்ந்து நிற்கக் கூடாது. கோட்டின் அடி அகன்றும் தலை ஒடுங்கியும் வருகிற மாதிரி சாய வேண்டும், வயல் வரப்பைப் போல. பிறகு பலகையைத் திருப்பிப்போட்டு எதிர்ப்பக்கம் இரண்டாவது வெட்டு. இரண்டும் அடியில் சந்திக்கும்போது நடுவில் உள்ள மரம் நூல் நூலாகச் சுருண்டு எழும். அந்தச் சுருள் முறியாமல் நீளமாக வந்தால் கத்தி கூராக இருக்கிறது என்று பொருள். நாணலின் ஒரே ஒரு தண்டை இப்படி இரு பக்கமும் வெட்டி எடுக்க எனக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் பிடித்தது. மொத்தம் நாற்பத்தொரு நாணல் வரைந்திருந்தேன். வரைந்தவனைச் செதுக்குகிறவன் சபித்தான், இருவரும் நானே.

அலகு ஒடிந்ததற்குக் காரணம் சாய்வு. கடைசி வெட்டில் பலகையைத் திருப்பச் சோம்பல்பட்டுக் கையை வளைத்தேன். கத்தி உள்பக்கமாகச் சாய்ந்து அலகின் அடியை அறுத்துவிட்டது. மேலே கோடு இருக்கிறது, கீழே கால் இல்லை. அலகோ நாருக்குக் குறுக்கே போகிற கோடு. பக்கத்து மரத்தை நிமிண்டியதும் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

மறுநாள் மாலை வகுப்பு. பலகையைப் பார்த்ததும் சென்செய் சுண்டுவிரலை வைத்தார். பிறகு, வழக்கத்துக்கு மாறாகத் தேநீருக்குப் போகாமல், ஒரு செர்ரிச் சில்லை எடுத்து வந்தார். இதற்கு ‘இரெகி’ என்று பெயர்; புது மரத்தைப் புகுத்துவது. அந்தக் காலத்தில் தேய்ந்த இடத்தை மாற்றவும், தணிக்கை முத்திரையையோ பதிப்பகப் பெயரையோ மாற்றிச் செதுக்கவும்கூட இதே வித்தைதான்.

ஒடிந்த இடத்தைச் சுற்றி 6 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலத்தில் ஒரு குழி எடுத்தோம். செங்கல் போல நேராக அல்ல, மேலே சற்று அகன்று அடியில் ஒடுங்கிய குழி. ப்ளைவுட்டில் மேல் ஏடு மெல்லியது, அதற்கு அடுத்த ஏட்டின் நார் குறுக்கே ஓடும். குழி அதையும் துளைத்துக்கொண்டு போயிற்று. செர்ரிச் சில்லை ஆப்பு வடிவில் சீவி, நார் அலகின் நீளவாக்கில் ஓடும்படி திருப்பி வைத்தார். அலகுக்கு எந்தத் திசையில் வலு வேண்டுமோ அந்தத் திசையில் நார். துளி பசை, மேலே ஒரு மரத்துண்டை வைத்துக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. ஆப்பு இறங்கும்போது ஓசை கனத்துக்கொண்டே வந்து, ஒரு தட்டில் ‘டக்’ என்று மாறியது. ‘போதும்’ என்றார். மறுநாள் மேடிட்டதை உளியால் பலகை மட்டத்துக்குச் சீவி, அலகைத் திரும்ப வரைந்து, இம்முறை பலகையைத் திருப்பித் திருப்பி வெட்டினேன். இன்றைக்கு அந்தப் பலகையில் மிக உறுதியான பாகம் கொக்கின் அலகுதான்.

இடம் தவறாமல் அச்சு விழுவதற்குப் பலகையிலேயே இரண்டு குறிகள் செதுக்குகிறார்கள். பெயர் கென்தோ. வலது கீழ் மூலையில் ‘ட’ வடிவப் பள்ளம் ஒன்று, கீழ் ஓரத்திலேயே இடப்பக்கம் தள்ளி நேர்கோட்டுப் பள்ளம் ஒன்று. தாளின் மூலை முதலாவதில் முட்ட வேண்டும், ஓரம் இரண்டாவதில் முட்ட வேண்டும். பள்ளத்தின் ஆழம் தாளின் விளிம்பு தடுக்கி நிற்கிற அளவே. எந்திரம் இல்லை, ஊசி இல்லை. கோட்டுப் பலகையில் இந்தக் குறிகளோடு சேர்த்தே சில தாள்களை அச்சிட்டு, அவற்றை மற்றப் பலகைகளில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்குவதால் எல்லாப் பலகைக்கும் ஒரே கணக்கு வந்துவிடுகிறது. எளிமை என்று நினைத்தேன். தாள் ஒரே அளவில் இருக்கும்வரை எளிமைதான்.

தாள் எசிஸென் பகுதியில் செய்தது, கோசோ என்னும் மரப்பட்டை நார். நனைத்துத் தேய்த்தாலும் கிழியாது. மை பரவாமல் இருக்க அதற்குப் படிகாரமும் வஜ்ஜிரமும் கலந்த நீரைப் பூசியிருப்பார்கள். நான் பூசியதையே வாங்கிவிட்டேன். 22க்கு 30 செ.மீ. அளவில் முப்பது தாள் வெட்டினேன். அச்சிடுவதற்கு முந்திய மாலை ஒரு தாள் விட்டு ஒரு தாளுக்கு அகலத் தூரிகையால் தண்ணீர் தடவி, அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேலே பலகையை ஏற்றி வைத்தேன். பிசைந்த சப்பாத்தி மாவை மூடிவைப்பது போலத்தான். காலைக்குள் ஈரம் எல்லாத் தாளுக்கும் சமமாகப் பரவிவிடும். கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், கையில் நீர் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

பிப்ரவரியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. தரையில் சம்மணமிட்டு, எதிரே தாழ்ந்த மேசை. பலகை வழுக்காமல் இருக்க நான்கு மூலையிலும் ஈரத் துணி. வலப்புறம் மைக் கிண்ணங்கள், குதிரை முடித் தூரிகைகள், பசைக் கிண்ணம். தூரிகை முடியின் நுனியைச் சூட்டில் லேசாகக் கருக்கி, காய்ந்த சுறாத் தோலில் தேய்த்துத் தேய்த்து நுனி பிளந்து பஞ்சு போல் ஆகும்வரை பழக்க வேண்டும். இல்லையென்றால் பலகையில் கோடு கோடாக மை நிற்கும். சுறாத் தோலைக் கையால் தடவிப் பாருங்கள், ஒரு திசையில் பட்டு, எதிர்த்திசையில் உப்புத்தாள்.

அழுத்துவதற்கு அச்சு எந்திரம் இல்லை. பாரென் என்ற வட்டத் தட்டு ஒன்றுதான், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. நல்ல பாரெனுக்குள் மூங்கில் மடலைக் கிழித்து முறுக்கிய கயிறு சுருளாக இருக்கும்; அதன் முடிச்சுகள் ஆயிரம் ஊசிமுனை போலத் தாளை அழுத்தும். மேலே மூங்கில் மடலாலேயே உறை. வழுக்கிப் போகக் காமெலியா எண்ணெய் தடவிய துணியில் அடிக்கடி தேய்த்துக்கொள்ள வேண்டும். என்னுடையது பயிற்சிக்கான மலிவு வகை. இரண்டாம் நாள் மதியம் உறை கிழிந்தது, வேறு மடலை நனைத்துக் கட்டினேன், முக்கால் மணி போயிற்று.

முதலில் கோட்டுப் பலகை. பலகையில் மை, நெல்மணி அளவு அரிசிப் பசை, இரண்டையும் தூரிகையால் பலகையிலேயே கலந்து பரப்ப வேண்டும். பசை இல்லாவிட்டால் நிறம் பொரிப்பொரியாக விழும். எள் தூவியது போல இருப்பதால் அதற்கு எள்ளச்சு என்றே பெயர். சிலர் வேண்டுமென்றே செய்வார்கள். எனக்கு வேண்டாமலே வந்தது, பின் நாணலில். பனி படிந்த மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன். மை முழுக் கறுப்பு வைக்கவில்லை. விடியலில் எதுவும் முழுக் கறுப்பாக இருப்பதில்லை.

இனி பின்னணி. இந்த ஒரே பலகை நான்கு முறை அச்சிடப்படுகிறது. முதலில் முழுப் பரப்புக்கும் வெளிறிய சாம்பல். இரண்டாவது, அடிவானத்தில் மட்டும் இளஞ்சிவப்பு, மேலும் கீழும் கரைந்து போகிற மாதிரி. மூன்றாவது, வானத்தின் உச்சியில் நீலம். நான்காவது, படத்தின் அடியில், தண்ணீரில், அதே நீலம். பலகைகளைக் கூட்டாமல் அச்சுகளைக் கூட்டும் இந்தத் தந்திரத்தை ஓவியர் யொஷிதா ஹிரோஷி எங்கேயோ கொண்டுபோய்விட்டார். 1926இல் ஒரு பாய்மரப் படகுப் படத்தை நிறங்களை மாற்றி மாற்றிக் காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று அச்சிட்டார். படகு அதுவே, பொழுதுதான் வேறு. அவர் 1930களின் தொடக்கத்தில் இந்தியா முழுவதும் சுற்றினார். மதுரைக் கோயிலையும் அச்சிட்டிருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட உரிமை உணர்வுக்கு நியாயம் ஏதும் இல்லை.

நீலம் பிரஷ்யன் நீலம். பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. ஜப்பானில் அதற்கு பெர்லின் நீலம் என்ற பொருளில் ‘பெரோ-ஆய்’ என்று பெயர். 1830 வாக்கில் அது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும்தான் ஓவியர் ஹொகுசாயின் பேரலையும் ஹிரோஷிகேயின் வானங்களும் அந்த நீலத்தில் வந்தன. ஆசைப்பட்டு அதிகம் எடுத்தால் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் நிறம்.

வானத்து உச்சியில் நேராக ஓடி, கீழே மெல்ல வெளுத்து மறையும் பட்டைக்கு ‘இசிமொன்ஜி பொகாஷி’ என்று பெயர். ஒன்று என்ற ஜப்பானிய எழுத்து ஒரே படுக்கைக் கோடு. அதைப் போல இருப்பதால். பலகையில் இந்த மங்கலுக்காக எதுவும் செதுக்குவதில்லை. பலகை வெறும் சமதளம். ஒவ்வொரு தாளுக்கும் அதைக் கையால் புதிதாக உண்டாக்க வேண்டும். அதனால்தான் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் வானம் ஒன்றாக இருப்பதில்லை. அவசரத்துக்கு அச்சிட்ட பிற்காலப் பிரதிகளில் மங்கலே இல்லாமலும் போயிருக்கும்.

செய்கிற விதம் இது. ஈரத் துணியால் பலகையில் நிறம் மறைய வேண்டிய பகுதியைத் துடைத்து நீர் பூத்த மாதிரி விட வேண்டும். அகலத் தூரிகையின் ஒரு மூலையில் மட்டும் நீலம், மறு மூலையில் நீர். நீல மூலை உச்சி ஓரத்தில் இருக்கும்படி பிடித்து இடமிருந்து வலம், வலமிருந்து இடம், ஒரே கோட்டில். ஒவ்வொரு போக்குக்கும் ஒரு நூல் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான். நீர் மூலை முன்னால் போய் ஈரத்தை அளக்கும், நீலம் அதன் பின்னால் தயங்கித் தயங்கி வரும். எங்கே நீலம் முடிந்தது என்று உங்களுக்கே தெரியாத இடம் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு முறை தடவினால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். தோன்றட்டும்.

முதல் ஆறு தாள்களில் எனக்கு வந்தது மங்கல் அல்ல, வேட்டிக் கரை. நீலம் ஒரு கோட்டில் சட்டென்று நின்றது. பலகை அங்கே காய்ந்திருக்கிறது என்று எண்ணி ஏழாவதில் தண்ணீரைக் கூட்டினேன். நீலம் ஓரம் வரை வழிந்து கொக்கின் பள்ளத்தில் தேங்கியது. நல்லவேளை, தாளை வைக்கும் முன்பே கண்டு துடைத்துவிட்டேன். காரணம் தண்ணீர் மட்டுமல்ல, தூரிகையும்தான் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூன்று நான்கு தாளுக்குள் நீலம் தூரிகை முழுக்க ஏறி, நீர் மூலை என்று ஒன்றே இல்லாமல் போகிறது. அதன்பிறகு இரண்டு தாளுக்கு ஒருமுறை தூரிகையைக் கழுவி உதறினேன். எட்டாவது தாளை உரித்தபோது வானம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்றாலும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த மகிழ்ச்சி 23ஆம் தாள் வரை. 24ஆம் தாளை எடுத்துப் பார்த்தால் கொக்கின் முதுகில் நீலம் ஏறியிருக்கிறது, வயிற்றுக்கடியில் வெள்ளை வாய் பிளந்திருக்கிறது. 25இலும் அதே, 26இல் இன்னும் கூடுதல். தாளைக் கென்தோவில் சரியாக வைக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு, 27ஐ மூச்சைப் பிடித்து வைத்தேன். விலகல் முக்கால் மி.மீ. தாண்டியிருந்தது. முப்பதாவதில் அளந்தபோது, மூலையிலிருந்து எட்டத்தில் உள்ள ஓரத்தில் ஒன்றரை மி.மீ.

மூலையில் சரியாக இருக்கிறது, எட்டப் போகப் போக விலகுகிறது. அப்படியென்றால் தாள் நகரவில்லை, சுருங்கியிருக்கிறது. டோக்கியோவின் குளிர்காலம் எலும்பு வரை வறண்டது; உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் மின்சாரம் குத்தும். போதாததற்கு நான் வெப்பக்காற்று எந்திரத்தை ஓடவிட்டிருந்தேன். அடுக்கின் மேலே ஈரச் செய்தித்தாளை மூட மறந்து, கடைசி ஏழு தாளும் இரண்டு மணி நேரம் அந்தக் காற்றில் கிடந்திருக்கின்றன. கோட்டுப் பலகையை அச்சிட்டபோது அந்தத் தாள்கள் நனைந்து விரிந்திருந்தன. இப்போது காய்ந்து குறுகியிருக்கின்றன. மரம் என்ன செய்யும்?

எந்திரத்தை அணைத்தேன். கெட்டிலில் நீர் கொதிக்கவைத்து மூடியைத் திறந்துவிட்டேன். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். அந்த ஏழு தாளின் முதுகிலும் தண்ணீர் தெளித்து ஈரச் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து இரவு முழுக்க விட்டேன். காலையில் அளந்தால் முக்கால்வாசி திரும்பி வந்திருந்தன, முழுதாக அல்ல. மிச்சத்துக்குச் சென்செய் என்றோ சொன்ன ஒரு சில்லறை உபாயம்: கென்தோவின் முட்டும் சுவரில் ஒரு மயிரிழைத் தாள் துண்டை ஒட்டினால் தாள் அந்த அளவு விலகி உட்காரும். பின்னால் வந்த அச்சுகள் அதனால் ஓரளவு தேறின. ஆனால் ஏறிவிட்ட நீலம் ஏறியதுதான். அந்த ஏழு கொக்குக்கும் முதுகில் குளிர் அடித்திருக்கிறது.

மரவரிசை எளிதாக வந்தது. மேல் ஓரம் கூர்மை, அடிப்பாகம் மங்கல், கை அதற்குள் பழகிவிட்டிருந்தது. பின் நாணல் இரண்டு முறை, முன் நாணலும் இறக்கை நிழலும் ஒரு முறை. ஓர் இடத்தில் மட்டும் கட்டைவிரலில் ஒட்டியிருந்த மை வானத்தில் பதிந்தது. காவல் நிலையத்தில் காட்டினால் செல்லும், அவ்வளவு தெளிவான ரேகை.

கடைசியாக, மையில்லாத பலகை. இறகுகளின் கோடுகளை அதில் பள்ளமாகச் செதுக்கியிருந்தேன். வெறும் பலகையில் ஈரத் தாளை வைத்து அழுத்தித் தேய்த்தால் தாள் பள்ளத்துக்குள் இறங்கும். மேற்புறம் பார்த்தால் நிறமில்லாத புடைப்பு. கராசுரி என்பார்கள், வெற்றச்சு. 1765 வாக்கில் பலநிற அச்சு வந்த காலத்தில் ஹருனோபு போன்ற ஓவியர்களின் படங்களில் ஆடை மடிப்புக்கும் பனிக்கும் இதைச் செய்திருக்கிறார்கள். ஓஹாரா கோசோன் என்ற ஓவியரின் கொக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெள்ளையை வெள்ளையில் எப்படிக் காட்டுவது என்பதற்கு இதைவிட நல்ல விடை கிடையாது என்று எனக்குத் தோன்றும். பாரென் போதவில்லை; விரல் நகத்தின் முதுகால் ஒவ்வொரு இறகாக அழுத்தினேன். முன்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னல் பக்கம் சாய்த்தால் கழுத்தடியில் இறகுகள் எழும்பும்.

பத்து அச்சு, முப்பது தாள், முந்நூறு முறை தேய்த்தாயிற்று. வலது தோள் ஒரு வாரம் தனியாக வலித்தது. கணக்குப் பார்த்தேன்: வேட்டிக் கரை விழுந்தவை ஆறு, குளிர் அடித்தவை ஏழு, ரேகை ஒன்று. பதினாறு தேறின.

தேறியவற்றில் நல்லதாக மூன்றைப் பொறுக்கி அட்டைக்கு இடையில் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். சென்செய் முதல் தாளை வாங்கியதும் படத்தைப் பார்க்கவில்லை. திருப்பி முதுகைப் பார்த்தார். பாரென் எங்கே நன்றாக அழுத்தியது, நிறம் எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் பின்னால்தான் எழுதியிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அலகு இருக்கும் இடத்தில் ஒரு கணம் நின்று, தலையை அசைத்தார். பிறகு வலது மேல் மூலையில், எனக்கு எதுவும் தெரியாத ஓர் இடத்தில், சுண்டுவிரலை வைத்தார்.

“இங்கே தாள் கொஞ்சம் காய்ந்திருந்தது.”

பிப்ரவரி, வெப்பக்காற்று, கெட்டில் என்று நான் விளக்கத் தொடங்கினேன். ஈரம் போதாததுதான் தொல்லை என்றால் மழைக்காலத்தில், ஜூனில் அச்சிடலாமா என்று கேட்டேன்.

“ஜூனில் அச்சிடலாம். அப்போது பூஞ்சை வரும்” என்றார், தேநீரை எடுக்கப் போனார்.